மலையைக் குடைந்தவர்கள்

கதிரவேலு கிணற்றுத் துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான். கீழே அவனுடைய அக்கா மகாதேவி மேலே வந்த ஓலைப் பட்டையைச் சரித்து வாய்க்காலில் நீர் ஊற்றினாள். உரும்பிராயில் தை பிறந்ததிலிருந்து மழை இல்லை. புகையிலை இலைகள் வெயிலில் துவண்டு கிடந்தன.

துலா மிதிக்க வேண்டிய அவள் கணவன் சீவரத்தினம் பூவரச நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். மலைநாட்டில் ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் வேலைக்குப் போய், பாறைக்குள் சுரங்கம் வெட்டியவன். கல்தூசியை விழுங்கி விழுங்கி நாலடி நடக்க முடியாமல் போனதும் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வேலைத்தலத்து ஓவசியர் துரைராஜா லீவில் வந்திருந்தார். படலையைத் திறந்து சைக்கிளை உள்ளே உருட்டி வந்தார்.

"எப்பிடி இருக்கிறாய், சீவரத்தினம்?"

"இருக்கிறன் ஐயா. அணை எழும்பியிட்டுதோ?"

"முக்கால்வாசி முடிஞ்சுது. கறண்டுக்கு இனிக் கரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கப்பல் வரேல்லை எண்டு உலக யுத்த நேரம் பட்ட பாடும் இல்லை. மழை பெய்தால் போதும்."

சீவரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "ஓம் ஐயா. தண்ணி விழுற வேகத்தைப் பாத்தனான். ஊரிலை உள்ள துலா எல்லாத்தையும் ஒருமிக்க மிதிச்சாலும் அந்தப் பலம் வராது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "ஆத்தங்கரைத் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம்?"

"எழுப்பியாச்சு. அவையின்ரை கோயிலும் தண்ணிக்குள்ளை போகும். என்ன செய்யிறது, அணை வேணுமே."

மகாதேவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்தக் கறண்ட் எங்கடை கிணத்துக்கு எப்ப வரும் ஐயா?"

"முதல்லை கொழும்பு. பேந்து தேயிலை பக்டறியள். இஞ்சாலை வர நாள் செல்லும்."

"இவருக்கு நட்டஈடு ஏதும் குடுப்பினமோ?"

"டொக்டர் இது தூசியாலை இல்லை, சயரோகம் எண்டு சொல்லிப்போட்டார். சயம் வீட்டிலை இருந்தாலும் வருமாம். நான் கதைச்சுப் பாத்தனான், பிள்ளை." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துலாவை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, மற்றச் சுரங்கத்துக்கு ஆள் தேடுறம். கூலியும் முந்தியிலும் கூட."

துலா நின்றது.

"வாறன் ஐயா."

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினாள் மகாதேவி.

"அத்தானுக்கு ஆர் மருந்து வாங்கிறது, அக்கா? உந்தப் புகையிலையோ?"

வேண்டாம் என்று கணவன் சொல்லுவான் என அவள் பார்த்து நின்றாள். அவன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

கதிரவேலு ரயிலேறும் நாள் மகாதேவி தன் நூல் சேலையொன்றை எடுத்து நீளத் துண்டுகளாகக் கிழித்தாள். சீவரத்தினம் சுவரில் சாய்ந்திருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"இன்னும் அகலமாக் கிழி… நனைச்சு, மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டு… காஞ்சால் திரும்பவும் நனை."

"நீங்கள் கட்டினனீங்களோ, அத்தான்?"

சீவரத்தினம் இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்தான்.

"கட்டினனான்."

மகாதேவி அடுத்த துண்டைக் கிழித்தாள்.