அண்ணிக்கென்று அணைத்த ஸ்பீக்கர்

தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அவன் பெயர் டெஸ்டிங். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வங்கிக்காரர்கள் மட்டும்தான். எந்த மைக்கைக் கையில் எடுத்தாலும் ரெண்டு தட்டுத் தட்டி, தொண்டை கிழிய "டெஸ்டிங், ஒன்னு, ரெண்டு" என்று கத்தினால்தான் அவனுக்கு நிம்மதி. இருபது வருஷமாக அப்படித்தான் கத்துகிறான். அன்று காலையும் விசாரணை மண்டபத்தில் அப்படித்தான் கத்தினான். கத்தியதில் குறை ஒன்றும் தெரியவில்லை. குறை எங்கே இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவனுடைய அண்ணன் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். பாய்லர் வெடித்து ஒரு வருஷம் ஆகிறது. அழுத்தம் அதிகமானால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுகிற வால்வு ஒன்று அதில் உண்டு. வெடித்த பிறகு பார்த்தால், அந்த வால்வு திறக்கவே முடியாதபடி கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கட்டியது அண்ணன்தான், அவருடைய புத்தி கெட்ட வேலை என்று நிர்வாகம் கைகழுவிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை என்கிற தைரியம் அவர்களுக்கு.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அண்ணி. பாய்லர் வெடித்த அன்று காலை அண்ணன் போனில் அவளிடம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்பதை அவள் போலீசிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் குரல் அடைத்துவிடும். சத்தம் என்றாலே அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. கதவு படாரென்று சாத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். வீட்டில் குக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டாகிவிட்டது, சோறு பானையில்தான் வேகிறது. விசாரணைக்கு அழைப்பு வந்ததும் ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஒரே ஒரு தடவை சொல்லுவேன், ரெண்டாவது தடவை யார் கேட்டாலும் முடியாது என்றாள்.

மண்டபத்தின் ஒலி வேலை அவன் கையில் இருந்தது வெறும் தற்செயல். மூன்று மாதத்துக்கு முன்பே ஒப்பந்தம் எடுத்துப் புதிதாக மாட்டிக் கொடுத்திருந்தான். சாட்சி என் அண்ணி என்பதை விசாரணை எழுத்தரிடம் முன்கூட்டியே சொல்லியும்விட்டான். எழுத்தர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, நீ மைக்கைப் பாரு, பதிவு மட்டும் என் அறையில் பூட்டுக்குள் இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

அதற்கு வழியும் இருந்தது. மைக்கிலிருந்து தடித்தடியாகக் கம்பி இழுத்த காலம் போய்விட்டது. இப்போது குரல் எண்களாக மாறி, கம்ப்யூட்டர்களை இணைக்கிற அதே மெல்லிய கேபிளில் ஏறிக்கொள்கிறது. ஏறிய பிறகு ஒரே குரலை ஒரே சமயத்தில் எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் பிரித்து அனுப்பலாம். தெருக்குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வீடு போகிற மாதிரிதான். ஒரு கிளை எழுத்தர் அறையின் பதிவுப் பெட்டிக்குப் போனது. இன்னொரு கிளை ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்புகளுக்கும், அவற்றின் வழியே மண்டபம் முழுக்க இருந்த ஸ்பீக்கர்களுக்கும் போனது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அவன் மடிக்கணினியிலிருந்தே தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம், அணைக்கலாம்.

அந்த ஆம்ப்புகளைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. பழைய ஆம்ப்புகள் அடுப்பு மாதிரி. பாதிக் கரண்டைச் சூடாகவே தின்று தீர்க்கும். புதியவை கையில் தூக்கினால் டிபன் பெட்டி கனம், தொட்டால் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் தாமாகவே தூங்கி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். மண்டபத்து எலெக்ட்ரீஷியனிடம் இதை வாய் ஓயாமல் பீற்றியிருந்தான். எவ்வளவு சன்னமான சத்தத்தைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளும் என்கிற கணக்கை மட்டும், கம்பெனியில் வைத்து அனுப்பியபடியே விட்டிருந்தான். மேடையேறுகிற மனுஷன் எவன் சன்னமாகப் பேசியிருக்கிறான்? மைக் கிடைத்தால் போதும், பக்கத்து ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

விசாரணைக்கு முன்னால் அண்ணியைக் கூட்டிவந்து சாட்சி மேஜையைக் காட்டினான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மைக்கைப் பார்த்தாள்.

"நீங்க கத்தவே வேண்டாம் அண்ணி. வீட்ல பேசற மாதிரி மெதுவாப் பேசுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

தன் குரல் திரும்பி வந்து தன் காதிலேயே விழுமா என்று கேட்டாள். மேஜை ஓரத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டி, இதில் வரும் என்றான்.

"அத நிறுத்திடு தம்பி. நான் சொல்றத நானே கேட்டா அப்படியே நின்னுடுவேன்."

அப்போதே அணைத்துவிட்டான். இருந்தாலும் தொழில் பழக்கம் விடவில்லை. பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவளுக்கும் சொன்னான். எப்போதாவது கேட்க வேண்டுமென்று தோன்றினால் காதைத் தொட்டுவிட்டு உள்ளங்கையை மேலே தூக்குங்கள், நான் ஏற்றிவிடுகிறேன் என்றான். அதற்கு அவசியம் வராது என்றாள் அண்ணி.

மண்டபம் நிரம்பியது. மேடையில் விசாரணையை நடத்துகிற ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. கீழே இடது பக்கம் நிர்வாகத்தின் வக்கீல், அவருக்குப் பின்னால் தொழிற்சாலை மேனேஜர். பின்வரிசைகளில் அன்றைக்கு இறந்துபோன மற்ற மூன்று பேரின் குடும்பங்கள். முதலில் பேசிய ரெண்டு சாட்சிகளுக்கும் வெண்கலக் குரல். எல்லாம் ஒழுங்காக ஓடியது. டெஸ்டிங் பின்சுவரோரம் தன் மேஜையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணி வந்து உட்கார்ந்தாள். பெயர், உறவு, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் சொன்னாள். குரல் சன்னமாக இருந்தாலும் பின்வரிசை வரைக்கும் தெளிவாகப் போனது. அவனுக்குப் பெருமைகூட வந்தது. அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று நீதிபதி அம்மா கேட்டார். அண்ணி கைகளை மடியில் கோத்துக்கொண்டு, "போன் வந்துச்சு" என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது குரல் இன்னும் தணிந்திருந்தது. ரெண்டு வார்த்தை சொல்வாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள்.

மடிக்கணினியில் வரிசையாக இருந்த பச்சைப் புள்ளிகளில் ஒன்று மஞ்சளானது.

பின்வரிசையின் ஆம்ப் அது. கேபிள் கழன்றுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை, இணைப்பு நன்றாகவே இருந்தது. அண்ணியின் குரல் வருவதை அளவுக்கோடு காட்டிக்கொண்டிருந்தது. கோடு தரையோடு தரையாகத் துடித்தது. அதற்குள் அடுத்த புள்ளியும் மஞ்சளானது, அதற்கடுத்ததும். அப்போதுதான் உறைத்தது. யாரும் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆம்ப்புகள் தூங்கப் போகின்றன. மெதுவாகப் பேசுங்கள் என்று அவளிடம் சொன்ன புத்திசாலி அவன்தான்.

மேடைக்கான புள்ளியும் மஞ்சளானது. மண்டபத்தில் ஒரு ஸ்பீக்கரும் உயிரோடு இல்லை. அண்ணிக்கு அது தெரிய வழியே இல்லை, அவள் பக்கத்து ஸ்பீக்கர்தான் காலையிலிருந்தே அணைந்திருந்ததே. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. தனக்கு மட்டும்தான் கேட்கவில்லையோ என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தாலியறுத்தவளை நடுவில் நிறுத்தச் சொல்ல நீதிபதி அம்மாவுக்கும் மனம் வரவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். வக்கீல் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மைக்கின் அளவைச் சட்டென்று ஏற்றினால் ஆம்ப் விழித்துக்கொள்ளும். ஆனால் எதிரொலிக்கிற மண்டபம், வீலென்று ஊளையிடும். அந்த ஊளையைக் கேட்டால் அண்ணி அந்த நாற்காலியில் இருக்கமாட்டாள். தூக்கக் கணக்கை மாற்றினால் ஆம்ப் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெறும், அப்போது படாரென்று ஒரு சத்தம் வெடித்தாலும் வெடிக்கும். எழுந்துபோய் அண்ணியை நிறுத்தினால், அப்புறம் அவள் ஆரம்பிக்கவே மாட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. மனிதக் காதுக்கு எட்டாத, மிகத் தாழ்ந்த ஒரு முனகலை, ஒலிகளைக் கலந்து அனுப்புகிற மிக்ஸரிலிருந்தே உண்டாக்கி ஆம்ப்புகளுக்கு மட்டும் அனுப்பலாம். சத்தம் வருகிறது என்று நம்பி அவை விழித்துக்கொள்ளும், விழித்தே இருக்கும். ஆனால் ஒரு கட்டம் தவறி அழுத்தினால் அந்த முனகல் முழு வேகத்தில் இடியாக இறங்கும். இன்னொரு கட்டம் தவறினால் எழுத்தரின் பதிவில் போய்க் கலக்கும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கினான். இறங்கியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தான். பதிவுக் கிளை ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்தான். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினான்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அண்ணியின் உதடு அசைந்தது. ஒரு புள்ளி பச்சையானது. பிறகு எல்லாம் மளமளவென்று பச்சையாயின. மண்டபம் முழுக்க அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவ்வளவுதாங்க. இதுக்கு மேல சொல்ல ஒன்னுமில்ல."

வக்கீல் எழுந்துவிட்டார். குரலில் அப்படியொரு தேன். போன் வந்தது என்பதற்குப் பிறகு சாட்சி சொன்னது யார் காதிலும் விழவில்லை, அவர் தயவுசெய்து மறுபடி சொல்லட்டும், சொல்ல இயலாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்றார். மறுபடி சொன்னால் வார்த்தைக்கு வார்த்தை பிய்த்து எறியலாம் என்கிற ஆசை முகத்திலேயே தெரிந்தது. நீதிபதி அம்மா தயங்கித் தயங்கி, முடியுமாம்மா என்று கேட்டார்.

அண்ணி ஒருகணம் புரியாமல் பார்த்தாள். பிறகு திரும்பி, அத்தனை தலைகளுக்கும் மேலாக, பின்சுவரோரம் இருந்த அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"இன்னொரு தடவ என்னால முடியாதுங்க" என்றாள்.

ஒலிக்காரன் மண்டபத்தில் வாய் திறப்பது வழக்கமில்லை. அவன் எழுந்தான். மேஜையில் இருந்த மைக்கை எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தட்டிப் பார்க்காமல் பேசினான்.

"தப்பு என்னோடதுங்க. ஸ்பீக்கர்தான் நின்னுச்சு. அவங்க பேசினது பதிவுல முழுசா இருக்கு."

வக்கீல் இதற்காகவே காத்திருந்த மாதிரி திரும்பினார். இந்த ஆள் சாட்சியின் கொழுந்தன், இவர் கையில் இருக்கிற பதிவை யார் நம்புவது என்று கேட்டார். பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. நல்லவேளையாக எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். கொழுந்தன் என்பது எனக்கு முன்பே தெரியும், பதிவு அவர் கையில் இல்லை, மைக்கிலிருந்து நேராக என் அறைக்கு வருகிறது, பூட்டின சாவி இதோ என்று இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். நீதிபதி அம்மா சாவியைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். போடுங்கள் என்றார்.

எழுத்தர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் குரல் மண்டபத்தில் இறங்கியது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"போன் வந்துச்சு... வேல நேரத்துல அவர் பேசவே மாட்டார். வால்வக் கம்பி போட்டுக் கட்டியாச்சுன்னார். யார் கட்டச் சொன்னதுன்னு கேட்டேன். மேனேஜர் பக்கத்துலயே நின்னு கட்ட வெச்சார், ஆர்டர் முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாதாம்னார்..."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் மேஜைக்குப் பக்கத்து ஸ்பீக்கரை டெஸ்டிங் ஒரு நூல் ஏற்றினான். ஒரே ஒரு நூல்தான். அதை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அண்ணி பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் அணைந்தே இருந்தது. மண்டபத்தில் அந்த ஒரு மேஜையைச் சுற்றி மட்டும் சத்தம் மங்கலாக இருந்தது. அதையாவது ஒழுங்காகச் செய்தோமே என்று அவனுக்கு இருந்தது. அவள் தலை குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவள் புருஷனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவளைத் தவிர.

அண்ணி காதைத் தொட்டாள். உள்ளங்கையை மேலே தூக்கினாள்.

அவனால் நம்ப முடியவில்லை. அவள் இன்னொரு தடவை காட்டினாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரைத் திறந்து, சோறு ஊட்டுகிற பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான்.

"...கழட்டிட்டு வெளிய வாங்கன்னேன். நான் வந்துட்டா வேற எவனயாவது நிக்க வெப்பாங்க, அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்ல, சாயங்காலம் பேசிக்கலாம்னார்..."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். கையை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று காட்டினாள்.

அவன் ஏற்றினான்.