பதினேழாம் கேள்வியில் ஒரு விதவை

1

ஓரம் மடங்கிய ஒரு பயிற்சித் தாளிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. ஆசிரியர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போன தாள் அது. அதில் ஓர் ஆங்கில வாசிப்புப் பகுதி, மூன்று பத்திகளில். முதல் பத்தியில் ஒரு மலையூர்த் தபால்காரர் கழுதையின் மேல் பையை ஏற்றுகிறார். இரண்டாவதில், ஆற்றோரமாக ஒரு குறுக்குவழி இருந்தும் அவர் ஒவ்வொரு நாளும் மலை ஏறி இறங்கும் சுற்றுவழியிலேயே போகிறார். மூன்றாவதில் ஓய்வு பெறுகிறார். ஊர்க்காரர்கள் பதக்கம் குத்துகிறார்கள்.

கேள்வி பதினேழு: அவர் ஏன் சுற்றுவழியில் போனார்?

அ) ஆறு அடிக்கடி பெருக்கெடுத்தது. ஆ) கழுதை தண்ணீருக்குப் பயந்தது. இ) மலைமேல் குடியிருந்த விதவையிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஈ) கூடுதல் பயணப்படி கிடைத்தது.

விடைத் தாளில் இருந்தது 'இ'.

நீங்கள் மேலே போய் இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். தாளில் இருந்ததை நான் சுருக்கித்தான் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. தபால்காரர் இருக்கிறார், கழுதை இருக்கிறது, பதக்கம்கூட இருக்கிறது. விதவை இல்லை.

[முதலில் இந்தக் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்: "இலோயிலோ நகரத்தின் மேல் மழை மேகங்கள் கவிந்திருந்த ஒரு மாலை..." மேகத்துக்கும் இந்தக் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதால் நிறுத்திவிட்டேன்.]

2

அந்த விதவையைத் தேடியவள் பெயர் ஜோவிதா பால்மரெஸ். கிமராஸ் தீவில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. உரிமம் இல்லாத தற்காலிக ஆசிரியை. இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் ஆங்கிலத்தில் விழுந்தவள். அடுத்த ஜூனில் அந்த வகுப்பு உரிமம் உள்ள ஒருவருக்குப் போய்விடும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். முன்பு தானாகவே படித்தாள். இந்த முறைதான் படகேறி இலோயிலோவுக்கு வந்து, லா பாஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். நான் அங்கே கணக்கு எடுக்கிறேன். மற்ற நேரத்தில் எழுதுகிறேன்.

அவளிடம் எனக்குப் பிடித்தது சொல் பழகும் முறை. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய ஆங்கிலச் சொல்லைச் சீட்டில் எழுதிச் சோற்று டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுவாள். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லாமல் டப்பாவைத் திறக்க மாட்டாள். பசியை ஆசிரியராக வைத்துக்கொண்டவள் என்று

[இந்த வாக்கியம் அழகாக வரப் பார்த்தது. விட்டுவிட்டேன்.]

"இன்னைக்கு என்ன வார்த்தை, மானாங்?" என்று எட்டிப் பார்ப்பான் டெல்ஃபின். போன தேர்வில் தோற்றுத் திரும்ப எழுதுகிறவன். மையத்தில் தாள் தயாரித்து நகலெடுக்கும் வேலையும் அவனுடையது. மூத்தவள் என்பதால் அவளை அக்கா முறை வைத்து மானாங் என்பான். அவள் அவனைத் தம்பி முறையில் தோத்தோ என்பாள், என்னை அண்ணன் முறையில் மானோங் என்பாள்.

"ஆப்ஸ்டினேட்."

"அப்படின்னா?"

"பிடிவாதம்."

"உங்களுக்குன்னே செஞ்ச வார்த்தை. விதவை கிடைச்சாளா?"

"நீ எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா, தோத்தோ?"

வகுப்பு சிரிக்கும். பதினேழாம் கேள்விக்கு எல்லோரும் 'இ' போட்டார்கள். ஜோவிதா மட்டும் 'அ' போட்டாள், அல்லது வெறுமனே விட்டாள். ஆங்கிலம் நடத்தும் வில்ஃப்ரெடோ சார் பொறுமையாக விளக்கினார்.

"வாசிப்புன்னா எழுத்தைப் பாக்குறது மட்டும் இல்லம்மா. பதக்கம் யாருக்குக் குடுப்பாங்க? நல்லவனுக்கு. நல்லவன் என்ன செய்வான்? தப்பு செஞ்சா மன்னிப்புக் கேப்பான். மலைமேல தனியா யாரு இருப்பா?"

"ஆடு இருக்கும் சார்."

"ஜோவிதா..."

"சார், விதவைன்னு எந்த வரியில இருக்கு? அந்த வரியை மட்டும் காட்டுங்க. நான் ஒத்துக்கிறேன்."

அவர் விரலைத் தாளின் மேல் கொண்டுபோனார். விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு பதினெட்டாம் கேள்விக்கு இறங்கிவிட்டது.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்வதில் ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கேள்விக்குச் சரியான விடையை எழுதுவது சுலபம். தவறான விடைகளைச் செய்வதுதான் வேலை. அதற்குச் சில அச்சுகள் உண்டு. ஒன்று, உலகத்தில் உண்மையாக இருக்கும், பகுதியில் இருக்காது. ஆறு பெருகும்தான், பகுதி அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்று, பகுதியின் சொற்களையே எடுத்துத் திருகித் தரும். கழுதை உண்டு, தண்ணீர் உண்டு, பயம் இல்லை. மற்றொன்று, பகுதி கொடுத்ததற்கு மேல் ஒரு படி தாவும். படி, சம்பளம், கூடுதல். ஏமாற்றுகிறவர் எப்போதும் கையில் இருக்கும் பொருளை வைத்துத்தான் ஏமாற்றுவார். கழுதையை வைத்து ஏமாற்றலாம், ஆற்றை வைத்து ஏமாற்றலாம். இல்லாத விதவையை வைத்து யாரும் வலை பின்ன மாட்டார்கள்.

ஆகவே அந்த விதவையைத் தேர்வு வைத்தவர் கற்பனையில் செய்யவில்லை. அவள் எங்கிருந்தோ வந்திருக்கிறாள்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஜோவிதாவுக்கு எனக்கு முன்பே பிடித்திருந்தது.

"மானோங், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?" டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். "இந்த விடை யாருக்கோ தெரிஞ்சிருக்கு. படிச்சுத் தெரிஞ்சுக்கல. வேற வழியில தெரிஞ்சிருக்கு."

"திருட்டுத் தாள்ங்கிறியா?"

"நீங்கதான் சொல்லணும். நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்க."

"என்னைச் சந்தேகப்படுறியா?"

"எல்லாரையும்தான். நல்லா விளக்கம் சொல்றவங்களைக் கொஞ்சம் கூடவே." பிறகு குரல் தணிந்தது. "நெசமான தாளை யாரோ வெளியே கொண்டுவந்து, அதை நான் படிச்சேன்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் உரிமம் கிடையாது. அது ஒரு பயம். இன்னொண்ணு அதைவிட மோசம். இப்பல்லாம் எந்தப் பகுதியைப் படிச்சாலும், எழுதியிருக்கிறதை நம்ப மாட்டேங்கிறேன். இல்லாதது எதுன்னு தேடுறேன். நேத்து தேனீ பத்தின பகுதி. நேரா இருந்த விடையை விட்டுட்டு வேற எதையோ போட்டேன். அந்த விதவை என் கண்ணுக்குள்ள உக்காந்துட்டா."

உண்மைதான். அவள் மதிப்பெண் இறங்கிக்கொண்டிருந்தது. பதினேழாம் கேள்வி ஒன்றில் போகும் மதிப்பெண் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று மற்ற எல்லாக் கேள்விகளையும் அரித்துக்கொண்டிருந்தது.

(டெல்ஃபினை வில்லனாக்கி இங்கே ஒரு பக்கம் எழுதினேன். நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறான், யாரிடமோ கைபேசியில் கிசுகிசுக்கிறான் என்றெல்லாம். மறுநாள் வாசித்தபோது, கதவைச் சாத்தியது காற்றில் தாள் பறக்காமலிருக்க என்று எனக்கே தோன்றிவிட்டது. சந்தேகத்தோடு பார்த்தால் யாரும் கதவைச் சாதாரணமாகச் சாத்துவதில்லை.)

5

திங்கட்கிழமை ஜோவிதா சிரித்துக்கொண்டே வந்தாள். பயிற்சித் தேர்வை எல்லோருக்கும் முன்னால் முடித்தாள். வாசிப்புப் பகுதியில் ஒன்று தவிர எல்லாம் சரி. அந்த ஒன்று பதினேழாம் கேள்வி. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தாள்.

வகுப்பின் கண் இப்போது அவள் பக்கம் திரும்பியது.

"மானாங்குக்குத் தாள் கிடைச்சிருச்சு போல," என்றது பின்வரிசை.

"கிமராஸ்ல மாம்பழத்தோட சேர்த்து விக்கிறாங்களோ என்னவோ."

"ஒரே வாரத்துல இப்படி ஏற முடியுமா? சொல்லுங்க சார், கணக்குப்படி முடியுமா?"

கணக்குப்படி முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். கேட்டேன். அவள் டப்பா மூடியைத் தட்டினாள்.

"விதவையைப் பாத்துட்டேன், மானோங்."

"எங்கே?"

"அவ இருக்க வேண்டிய இடத்துல."

டெல்ஃபின் அன்று எட்டிப் பார்க்கவில்லை. இன்று என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. தாள்களை அடுக்கிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்தே போனான். அவர்கள் இருவருக்குள்ளும் ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஜோவிதா முதல் படகில் வந்து உரிமத் தேர்வு எழுதினாள். தேர்வுக்கூடத்துக்குள் போகும்போது அவள் முகத்தில் பயம் இருந்தது, குழப்பம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

6

மூன்றுக்கு அடுத்து ஐந்து வந்ததைக் கவனித்தீர்களா?

கவனித்தவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்திருப்பீர்கள். கவனிக்காதவர்கள்தான் எனக்கு முக்கியம். ஜோவிதா எப்படித் திடீரென்று தேறினாள் என்று உங்களுக்குள் ஒரு காரணம் செய்து வைத்திருப்பீர்கள். டெல்ஃபின் தாளைக் கொடுத்தான்; அல்லது அவனை அவள் மிரட்டினாள். அதில் தப்பில்லை. இடைவெளியைக் கண்டால் அதை நிரப்புவது வாசிக்கிறவரின் இயல்பு. வில்ஃப்ரெடோ சாரும் அதைத்தான் செய்தார்.

முடிவுக்கு வருவோம். சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) ஜோவிதா தேறிவிட்டாள், மூன்றாம் வகுப்பு அவளுக்கே கிடைத்தது. உலகத்தில் இது நடக்கலாம்; என் பிரதியில் இதற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. நான் இதை எழுதும்போது தேர்வு முடிவு வரவில்லை.

ஆ) திருட்டுத் தாளோடு அவள் பிடிபட்டாள். இந்தக் கதையில் தாள் உண்டு, திருட்டு என்ற சொல் உண்டு, ஜோவிதா உண்டு. மூன்றையும் திருகிச் சேர்த்தால் இந்த முடிவு. இதை நம்பியவர்கள் கழுதையின் பயத்தையும் நம்பியிருப்பார்கள்.

இ) உரிமம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் வாழ்க்கையையே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு படி தாவல். உரிமம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அதை மறக்கச் சொல்லும் முடிவு இது.

ஈ) உண்மையான தேர்வில் அதே தபால்காரர் வந்தார். ஆனால் விடைகளின் வரிசை மாறியிருந்தது. 'இ' என்று எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் கூடுதல் படியைக் குறித்துவிட்டு வந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அதனாலேயே இதன் மேல் எனக்குச் சந்தேகம்.

நான்கில் எதையும் நான் குறிக்கப்போவதில்லை. நீங்கள் குறிக்கலாம். குறிப்பதற்கு முன் எடுத்துவைத்த நான்காம் பகுதியைப் படித்துவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு, தேர்வுக்கூட வாசலில் பாட்சோய் என்ற நூடுல்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே ஜோவிதா எனக்குச் சொன்னது.

4

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக் கேள்விகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தாளின் முகப்பிலேயே போட்டிருப்பதால் யாரும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. தேர்வன்று மாலை மையத்தின் பின்முற்றத்தில் கோழிக் கஞ்சி காய்ச்சுவார்கள். எழுதியவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வர வேண்டும். முன்கூட்டியே ஆளுக்கொரு பங்கு பிரித்திருப்பார்கள்: உனக்கு முதல் பத்தி, உனக்கு இந்தக் கேள்விகள். மறப்பதற்குள் வந்து ஒப்பித்துவிட்டுக் கஞ்சி குடிக்கலாம். கணக்குக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. போனால் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு வருவேன், ஒப்பித்தது எங்கே போகிறது என்று கேட்டதில்லை. அடுத்த குழுவின் பயிற்சித் தாள் அந்தக் கஞ்சியிலிருந்துதான் பிறக்கிறது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜோவிதா அந்த முற்றத்தில் அடுக்கிக் கிடந்த பெரிய சட்டிகளைப் பார்த்திருக்கிறாள். யாருக்கு விருந்து என்று டெல்ஃபினிடம் கேட்டிருக்கிறாள். அவன் உளறிவிட்டான்.

"அப்ப இந்தத் தபால்காரர் கதை?"

"போன தேர்வுல வந்தது, மானாங்."

"நீயும் எழுதினியே. விதவையை நீ பாத்தியா?"

"எனக்கு ரெண்டாவது பத்தி. அதை மறந்துடக் கூடாதேன்னு அதையே திரும்பத் திரும்பப் படிச்சேன். மத்ததெல்லாம் சரியாப் படிக்கவே இல்ல."

"அதான் தோத்தியா?"

அவன் ஒரு சட்டியை நகர்த்திவைத்தான்.

"முதல் பத்தி யாரு?"

"மாரிஃபே."

"கடைசிப் பத்தி?"

"ரோகெலியோ."

"பதினேழாம் கேள்வி?"

"பதினஞ்சுலேருந்து பதினெட்டு வரை நெனிதா. அவ எல்லாத்தையும் படிச்சுட்டு, விடையோட வந்து சொன்னா. பாஸாகி இப்ப பக்கோலோட்ல வேலை பாக்குறா."

"சரி. மொத்தம் எத்தனை பத்தி, தோத்தோ?"

டெல்ஃபின் விரலை மடக்கிப் பார்த்தான். முதலாவது மாரிஃபே. இரண்டாவது அவன். கடைசி, அதாவது நாலாவது, ரோகெலியோ. மடக்காமல் ஒரு விரல் நின்றது.

"மூணாவது... ஃபெலிசிதாஸ்கிட்டக் குடுத்திருந்தோம்," என்றான் மெதுவாக. "அவ அன்னைக்குக் கஞ்சிக்கு வரல. காத்து பலமா இருந்துச்சு, படகு நின்னுடும்னு சொன்னாங்க. தேர்வு முடிஞ்சதும் துறைக்கு ஓடிட்டா."

"அப்புறம்?"

"தாள்ல நடுவுல காலியா விட்டா வில்ஃப்ரெடோ சார் திட்டுவாரு. அதனால நாலாவதை மேல ஏத்தி ஒட்டிட்டேன்."

ஜோவிதா முதலில் அவனைக் கண்டபடி திட்டியிருக்கிறாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டதாம்.

"ஏன்டா, திருடுறதுதான் திருடுறீங்க, முழுசாத் திருடக் கூடாதா? இவ்வளவு நாளா என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்டா!"

பிறகு படிகளில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள். விதவை மூன்றாம் பத்தியில் இருந்தாள். மூன்றாம் பத்தி தாளில் இல்லை. விடை சரி, வாசித்தவள் சரி, பகுதிதான் குறை. ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வரியில் இருப்பதை நம்பு, எந்த வரியிலும் இல்லாத விடைக்குக் காரணம் தேடாதே. அவள் பதினேழாம் கேள்வியின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனாள்.