இல்ல மிஸ்!

தப்பாகச் சொல்வதில் ஜானிஸ் ஹெப்வர்த்தை அடித்துக்கொள்ள எங்கள் அக்ரிங்டன் ஊரில் ஆள் கிடையாது. பதினோரு வருடமாக அவள் வகுப்பில் நான் உதவியாசிரியை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் துணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு டென்னிஸ் பந்தை வெளியே எடுத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "இது கனசதுரம்" என்பாள்.

"இல்ல மிஸ்!" என்று கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

"பின்ன என்னவாம்?"

"கோளம்!"

"ஏன்? எனக்குப் பெட்டி மாதிரிதான் தெரியுது."

"உருளுது மிஸ்! மூலையே இல்ல மிஸ்! கண்ணாடியப் போடுங்க மிஸ்!"

அந்த 'ஏன்'தான் பாடம். பெயரைக் கிளிகூடச் சொல்லும், காரணம் சொன்னால்தான் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்பாள்.

பிப்ரவரி விடுமுறை முடிந்த வாரம் பையிலிருந்து ஒரு பீன்ஸ் டின்னை எடுத்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது... கூம்பு."

"இல்ல மிஸ்! உருளை!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஓ, உருளையா" என்று டின்னைப் பைக்குள் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

இடைவேளையில், கோட் மாட்டும் இடத்தில் அவளை மடக்கினேன். "என்னடி ஆச்சு உனக்கு?"

"ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்க லின். மறதி நோயாம். அம்பத்தாறு வயசுல! முப்பது வருஷமா வீட்டுக்காரரோட பொறந்தநாள மறந்துட்டுத்தான் இருந்தேன், அப்பல்லாம் எவனும் ஸ்கேன் எடுக்கல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஜூலை வரைக்கும் விடுடி. இந்த வருஷப் பிள்ளைங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அடுத்த வகுப்புக்குப் போகணும். அது போதும் எனக்கு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. அது என் தப்பு, வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன்.

மதியம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே அவளுக்குப் பாடம் எடுத்தேன். பெட்டியைக் கையில் கொடுத்தால் எட்டு மூலையையும் சரியாக எண்ணுவாள். பெயர்தான் வராது. ஒரு நாள் வரும், மறுநாள் அதுவும் போய்விடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினேன், வேறென்ன.

மார்ச்சில் தலைமையாசிரியை மிஸஸ் பிளெங்கின் மடிக்கணினியோடு வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்தார். ஜானிஸ் ஐந்து பொருளுக்கும் தப்பான பெயர் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் ஓரத்திலிருந்து 'ஏன்' என்று உதட்டை அசைத்தேன், அதைப் பார்த்து அவள் பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டாள். பாடம் முடிந்ததும் பிளெங்கின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா நடிப்பு ஜானிஸ்! நெஜமாவே தெரியாதவங்க மாதிரி! மத்த டீச்சருங்களுக்கும் நீங்க இதைச் செஞ்சு காட்டணும்."

ஜானிஸ் நன்றி சொன்னாள். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஈஸ்டர் முடிந்ததும் நிலைமை மோசமானது. ஒரு நாள் பெரிய பகடைக்காயைத் தூக்கி, கோளம் என்றாள். வழக்கம்போல "இல்ல மிஸ்!" என்று கத்தினார்கள்.

"கோளம்தான்!" என்று அவளும் கத்தினாள். வகுப்பில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவள் பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை, முன்வரிசையில் இருந்த எஃபி ஆர்மெராட் பார்த்துவிட்டாள். வாயே திறக்காத பிள்ளை, ஆனால் எல்லாவற்றையும் பார்க்கும்.

விளையாடப் போக வரிசையில் நின்றபோது எஃபி ஒவ்வொருவர் காதிலும் சொல்லிக்கொண்டு போனாள். "மிஸ் அழுதாங்க. நாம இல்ல இல்லன்னு கத்தறோம்ல, அதான். இனிமே அப்படிச் சொல்லக்கூடாது, சரியா?"

குழந்தைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் ஜானிஸ் சதுரமான டிஷ்யூ பெட்டியை எடுத்தாள். "இது கோளம்" என்று சொல்லிவிட்டு, அடி வாங்கப் போகிறவள் மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். முப்பது பேரும் எஃபியைப் பார்த்தார்கள்.

"ஆமா மிஸ்" என்றாள் எஃபி.

"ஆமா மிஸ்!" என்றார்கள் எல்லோரும். அத்தனை அன்பாக.

அடுத்து டின்னை எடுத்து, கூம்பு என்றாள். அதற்கும் ஆமா. ஜானிஸின் தோள் தளர்ந்தது. மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு முகத்தில் வந்தது. நான் உதட்டை அசைக்காமலே அவளாகக் கேட்டாள்.

"ஏன் கூம்பு?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எஃபிதான் சொன்னாள். "நீங்க சொன்னீங்கள்ல, அதனால மிஸ்."

ஜானிஸ் என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா லின்? எல்லாருக்கும் எல்லாம் வந்துடுச்சு!"

நானும் ஆமா என்றேன். மணி அடித்ததும் பிளெங்கின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.