புள்ளியாண்டான் போன இடம்

எங்கள் மகளுக்கு நான்கு வயது. வீட்டில் அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். யார் எங்கே உட்கார வேண்டும், யார் விளக்கை அணைக்க வேண்டும், எல்லாம் அவள் உத்தரவு. அந்த மேனேஜரிடம் வேலைக்குச் சேர என் வீட்டுக்காரர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இவர் கப்பலில் இயந்திர அறை மெக்கானிக். ஒன்பது மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தார். இனி கடல் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து, பக்கத்துத் தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இதையெல்லாம் மேனேஜருக்கு எடுத்துச் சொன்னோம். அவள் நம்பவில்லை. அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். இரண்டாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ எப்ப கிளம்புவ?"

மனுஷர் முகம் தொங்கிப் போயிற்று.

படுக்கும்போது கதை சொல்கிற வேலையையாவது பிடித்துவிடலாம் என்று பார்த்தார். நூலகத்தில் எடுத்த படப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு ஆடு கட்டில் வாங்கக் கடைக்குப் போகும். ஒரு கட்டில் கிறீச்சிடும், இன்னொன்று ஆடும், மற்றொன்றில் கால் வெளியே நீட்டிக்கொள்ளும். கடைசியில் வைக்கோல் மேல் படுத்துத் தூங்கிவிடும். இவர் அதை முதல் நாள் ஒன்றரை நிமிடத்தில் வாசித்து முடித்தார். "ஆடு போச்சு. கட்டில் சரியில்ல. தூங்கிடுச்சு." நடுவில் ஒரே ஒரு பக்கத்தில்தான் நின்றார். ஆட்டின் தள்ளுவண்டியை உற்றுப் பார்த்து, "இந்தச் சக்கரத்துக்கு அச்சே இல்லையே, எப்படி ஓடும்?" என்று கவலைப்பட்டார்.

"அம்மாவ வரச் சொல்லு," என்றாள் மேனேஜர்.

நான் போய் வாசித்தேன். எனக்கு மருந்துக் கடையில் வேலை. சீட்டில் எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. கதையையும் அப்படித்தான் வாசிப்பேன், ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது. இரண்டு வருடமாக அந்தக் கட்டிலோரம் எனக்குத்தான் சொந்தம்.

நான்காம் நாள் எல்லாம் மாறியது. அந்தப் புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் யாரோ எப்போதோ எதையோ சிந்தியிருந்தார்கள். பழுப்பாக, காசு அளவில் ஒரு கறை. அது தாள்களில் ஊறி அடுத்தடுத்த பக்கங்களிலும் இறங்கியிருந்தது. ஐந்தில் கொஞ்சம் சிறிது, ஆறில் இன்னும் சிறிது, கடைசிப் பக்கத்தில் கடுகளவு.

"இது என்ன?" என்று மேனேஜர் கேட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் கறை என்று சொல்லியிருப்பேன்.

"இவனா? இவன்தான் புள்ளியாண்டான். ஆட்டுக்குத் தெரியாம பின்னாடியே வர்றான்."

"ஏன் சின்னதா ஆயிட்டே போறான்?"

"நடந்து நடந்து தூரமாப் போறான்ல? தூரத்துல இருந்தா சின்னதாத்தான் தெரியும்."

அவ்வளவுதான். அன்றோடு ஆட்டுக்கு மவுசு போயிற்று. புள்ளியாண்டான் கட்டிலுக்கு அடியில் ஒளிவான், கடைக்காரர் செருப்பில் ஏறிச் சவாரி போவான், ஆட்டின் தாடியைப் பிடித்து ஊஞ்சல் ஆடுவான். தினமும் புதுப் புது வம்பு. எட்டு மணிக்குச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது மேனேஜர் கையை நீட்டி, "அம்மா, நீ போய் வேலையப் பாரு," என்றாள். வேலையைப் பார்த்தேன். தேய்த்த தேய்ப்பில் சட்டியின் அடியே தேய்ந்திருக்கும். பொறாமைதான், வேறென்ன? காய்ச்சலில் தூக்கிச் சுமந்தவள் நான். இவர் ஒரு கறையைக் காட்டிக் காரியத்தைச் சாதித்துவிட்டார்.

மூன்று வாரம் போயிற்று. தவணையை நீட்டிக்கப் புத்தகத்தை நூலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அக்கா ஒருவர் இருப்பார். பக்கங்களைப் புரட்டியவர் மூக்கைச் சுளித்தார்.

"ஐயய்யோ, இது என்னம்மா இந்தக் கோலத்துல இருக்கு? இதே புத்தகம் புதுசா வந்திருக்கு. அத எடுத்துக்கோங்க, இத கழிச்சிடலாம். வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவார்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வேண்டாம், அந்தக் கறைதான் எங்களுக்கு வேண்டும்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. குழந்தை கையில் சுத்தமான புத்தகம் இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பளபளவென்று புதுசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று எட்டு மணிக்கு மேனேஜர் நாலாம் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து, ஆறு, ஏழு என்று புரட்டினாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். தலையணைக்கு அடியிலும் தேடினாள்.

"புள்ளியாண்டான் எங்க?"

இவர் அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு அறை வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. 'அம்மாதான் மாத்திட்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு என் பாடு முடிந்தது. அவர் சொல்லவில்லை. தடுமாறி, வாயில் வந்ததைச் சொன்னார்.

"வேலைக்குப் போயிருக்கான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தாள்.

"கப்பலுக்கா?"

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "ஆமாம்மா," என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. அறைக்குள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாளைக்கே வந்துடுவான்டா கண்ணு. அம்மா நாளைக்கே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஒன்றும் தெரியாதவளுக்கு விளக்குவதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"கப்பலுக்குப் போனா நாளைக்கெல்லாம் வர மாட்டாங்கம்மா. நாளைக்கு, அடுத்த மாசம்னு சொல்லுவாங்க. நாம கதவுகிட்ட உக்காந்துட்டே இருப்போம். ஆனா வர மாட்டாங்க. ரொம்ப நாள் ஆகும்."

அழவில்லை, குறைப்படவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இவர் சுவரைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவள் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நான் அவரிடம் போனில் சொன்னதே இல்லை. அவள் அதை மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். எழுந்து நின்று அவர் தலையில் தட்டிக் கொடுத்தாள்.

"அழாத. போன் பண்ணுவான்."

"சரிம்மா."

"அவன் வர்ற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது. இங்கயே இருக்கணும். அவன் வந்தப்புறம்தான் நீ போலாம். சரியா?"

"சரிங்க மேனேஜர்."

"இப்ப ஆட்டுக் கதையையாவது ஒழுங்காப் படி. அம்மா மாதிரி படி."

எழுத்தெழுத்தாகப் படித்தார். அச்சில்லாத சக்கரத்தைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. மூன்றாவது கட்டிலுக்கு வருவதற்குள் மேனேஜர் தூங்கிவிட்டாள், அவர் சட்டையை ஒரு கையால் பிடித்தபடி. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எழுந்து வர அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

சமையலறையில் நான் கழுவிக் கொடுக்க, அவர் தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். அதற்கு மேல் மூடி வைக்க என்னால் முடியவில்லை.

"நான்தாங்க மாத்தினேன். கறைன்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன், ஆனா பொறாமைலதான் செஞ்சேன். பழசு இன்னும் அந்த அக்காகிட்டதான் இருக்கு. வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரர் எடுத்துட்டுப் போயிடுவார். நாளைக்கு முதல் வேலையாப் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் கையிலிருந்த தட்டை முன்னும் பின்னும் துடைத்தார். காய்ந்துபோன தட்டை இன்னொரு தரம் துடைத்தார்.

"வேணாம்," என்றார். "அவன் மெதுவாவே வரட்டும்."