வாயில் பறி, காலில் தண்ணீர்

"வாய மூடாம பாப்பாகிட்ட வரக்கூடாது! இவனுக்குக் கக்குவான் இருமல். பச்சப்புள்ள தாங்காது. முடியலன்னா ஆரம்பாக்கத்துல உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடு" என்றாள் நர்சு சரோஜா.

எல்லம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கமுத்துவுக்கு ஏழு வயது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வான், தானாகப் பேசமாட்டான். பாய் ஒரு சாண் நகர்ந்தாலும் தூங்காதவன் வேற்றூரில் எப்படி இருப்பான்? தங்கச்சியின் கால்விரல்களைப் பார்க்காமல் சோறும் இறங்காது.

"துண்டு கட்டிக்கடா, ராசா."

"கட்டிக்கடா, ராசா" என்று துண்டைக் கூரைமேல் வீசினான். முந்தானைக் கிழிசல், நைனாவின் லுங்கி, எல்லாம் கூரைக்குப் போயின.

"என் கோவணம் ஒண்ணுதான் பாக்கி" என்றான் அவன் நைனா முனியன்.

"அதக் கட்டினா இருமலே பயந்து ஓடிடும். சும்மா கெட."

அப்போதுதான் பறி எல்லம்மாவின் கண்ணில் பட்டது. ஏரியில் தடவி இறால் பிடிக்கும்போது கையிரண்டும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அங்கமுத்துவுக்கும் ஒரு குட்டிப் பறி உண்டு. அதை மட்டும் அவன் துப்பியதே இல்லை.

மூவரின் பறிக்குள்ளும் மெல்லிய பழம்புடவைத் துணியைத் தைத்துக் காதுக்குக் கயிறு விட்டாள். முதலில் தான் மாட்டினாள், பிறகு முனியன். அங்கமுத்துவைக் கடிக்க மட்டும் விட்டு, மெல்ல மெல்ல மூக்குவரை ஏற்றினாள். அவன் பிடுங்கவில்லை! எழுந்து நேரே ஏரிக்கு நடந்தான்.

"எங்கடா போற?"

"பறி வாயில கீதுன்னா கால் தண்ணில இருக்கணும், அதான். உம்புள்ள கணக்கு சரிதான்" என்ற முனியன், மீன் கழுவும் தொட்டியைப் பாப்பாவின் தூளிக்கு எதிரே வாசலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அங்கமுத்து இறங்கி நின்றான். நின்றவன் நகரவில்லை.

மறுமுறை வந்த சரோஜா, ஓலை மூஞ்சிகளைப் பார்த்துத் திகைத்தாள்.

"இன்னா கூத்து இது?"

"மூடிட்டான் நர்சம்மா. எட்டியும் நிக்கிறான்."

அவள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, இங்கியே இருக்கட்டும். வழி விடுடா, பாப்பாவ எடை போடணும்."

அங்கமுத்து அவள் குரலிலேயே அதட்டினான்: "வாய மூடாம பாப்பாகிட்ட வரக்கூடாது!"

முனியன் தன் பறியைக் கழற்றி நீட்டினான்.

"ஐயே, இறால் நாத்தம்!" என்றபடி மாட்டிக்கொண்டாள். அங்கமுத்து அப்போதும் வழிவிடாமல் அவள் செருப்பையே பார்த்தான்.

"கழட்டிடுங்க நர்சம்மா" என்றாள் எல்லம்மா. "கால நனைக்காம வுடமாட்டான்."

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையைத் தூக்கிப் பிடித்துத் தொட்டியில் இறங்கிய சரோஜாவுக்கு, அங்கமுத்து கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான்.