நாற்பத்தேழாம் எண் பால்

“திங்கிற சாமானை எரிச்சு, கரைச்சு, கடைசியில சாக்கடையில கொட்டுறதுக்கா உனக்குச் சம்பளம்?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் தங்கை வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. பால் பிரிவு. வீட்டில் வாயே திறக்காதவளுக்கு அன்று ரோஷம் வந்துவிட்டது. பாலில் என்னென்ன கலக்கிறார்கள், எதற்குக் கலக்கிறார்கள், ஒவ்வொன்றையும் எப்படிப் பிடிப்பது என்று அடுப்படியிலேயே விலாவாரியாகப் பாடம் நடத்தினாள். அக்கா பால் காய்ச்சிக்கொண்டே ‘ம்’ கொட்டினாள்.

அந்த அக்காதான் பிறகு பால் கடை வைத்தாள். கடை தட்டுத்தடுமாறி நடந்தது. ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குத் தினமும் பால் ஊற்றச் சொல்லிக் கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் பால் முதலில் பரிசோதனையில் தேற வேண்டும். பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்து குப்பியில் பால் எடுத்துப் போனார்கள்.

கூடத்துக்கு வரும் குப்பிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அன்று காலை தங்கை நாற்பத்தேழாம் குப்பியைக் குலுக்கி, சோதனைக்குழாயில் கொஞ்சம் பால் எடுத்தாள். அதே அளவு ஆல்கஹால் சேர்த்து, சாயக் கரைசல் சில சொட்டு விட்டாள். நல்ல பாலென்றால் பழுப்பாக நிற்கும். இது ரோஜா நிறத்துக்கு மாறியது. சோடா உப்பு. குழாயைக் கழுவியதில்தான் கோளாறோ என்று புதுக் குழாய் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே நிறம்.

மத்தியானம் அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு வாசலறைக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் பல்.

“என்னடி மோப்பக்காரி, நம்ம பாலு எப்படி?”

“எது உன் பாலுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“நாப்பத்தேழு. என் கண்ணு முன்னாடிதானே குப்பியில எழுதினாங்க.”

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சோடா உப்பு போட்டியா?”

“ஒரு சிட்டிகை. வெயிலுக்குத் திரியக் கூடாதுல்ல? நீதானே சொன்ன!”

“போட்டா கண்டுபிடிச்சிடுவோம்னும் சொன்னேனே!”

“அதுக்குள்ள பால் பொங்கிருச்சுடி. நான் அடுப்பை அணைக்க ஓடிட்டேன்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது.

“சரி, அதான் இன்னும் எழுதிக் குடுக்கலையே? நல்லா இருக்குன்னு எழுதிடு. இனிமே சத்தியமா போட மாட்டேன்.”

“கெடப்போற பாலும் சோடா போட்டா நல்ல பால் மாதிரியே இருக்கும்க்கா. குடிக்கப்போறது சின்னப் பிள்ளைங்க.”

“நான் கெட்ட பாலா ஊத்துறேன்? என் பிள்ளைங்களும் அதைத்தானேடி குடிக்குது!”

“நீ ஊத்த மாட்ட, எனக்குத் தெரியும். குழாய்க்குத் தெரியாதே.”

“உனக்கு அக்கா பெருசா, குழாய் பெருசா?”

பள்ளியிலும் தெருவிலும் தங்கைக்காகப் பேசியதெல்லாம் இந்த அக்காதான். இப்போது தனக்காக ஒரு வரி கேட்கிறாள். தங்கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எங்க அக்கா கடைப் பாலுன்னு எங்க ஆபீசர் மேடம்கிட்ட சொல்லப்போறேன். வேற ஆளை வெச்சு மறுபடி பாப்பாங்க. அவங்களுக்கும் ரோஸ் கலர்தான் வரும். சோடா போடாம இன்னொரு தடவை பால் குடுக்கிறேன்னு பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாருக்கா.”

“அவங்க கேட்பாங்களா?”

“தெரியலக்கா.”

அக்கா கேரியரைத் தங்கையின் பக்கம் தள்ளி வைத்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தாள். படியிறங்கிப் போனாள்.