நூற்றுப்பன்னிரண்டு சரியான விடைகள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவர்களுக்காக மலர் போடுகிறார்களாம், என்னிடம் நான்கு பக்கம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேவையான மனப்பாங்கும் திறன்களும்’. எண் போட்டுக் குறிப்பு குறிப்பாக இருந்தால் மாணவர்களுக்கு வசதி என்றார்கள். எண் போட்டிருக்கிறேன். அவர்கள் கேட்டதில் நான் செய்தது அது ஒன்றுதான்.

‘ஆய்வாளருக்கு முதற்கண் வேண்டியது ஐயப்படும் மனம்’ என்று தொடங்கினேன். டீ குடித்துவிட்டு வந்து படித்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ இருக்கிறது. அதை வாங்குகிற வரைக்கும் நான் எதையும் ஐயப்பட்டதாக நினைவில்லை. (ஏன் என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவப் பார்ப்பேன், விட்டுவிடாதீர்கள்.) இரண்டாவது வாக்கியம் வரவே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் செல்வலட்சுமி வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளை நான் பார்த்ததில்லை, முழுக்க என் கற்பனை.

2

செல்வலட்சுமி மண்ணூர் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோது வானம்...

வேண்டாம். வானம் எப்படி இருந்தால் நமக்கு என்ன?

அவளுடைய பையில் நூற்றுப்பன்னிரண்டு பெண்களின் கனவுகள்...

ஐயோ, கண்றாவி. பையில் இருந்தவை வினாத்தாள்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2004, செப்டம்பர். செல்வலட்சுமிக்கு இருபத்தேழு வயது. ஊர் கடையநல்லூர்ப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி, கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். கடைசி இரண்டு வருடம் லைன் லீடர், அதாவது முப்பது பெண்களுக்கு மேற்பார்வை. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. முடித்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். தலைப்பு, ‘தொழிற்சாலைப் பெண்களின் பணிச்சூழலும் மனநிறைவும்’. தான் இருந்த அதே கம்பெனிப் பெண்களுக்குத்தான் வினாத்தாள் கொடுத்தாள். மண்ணூரில் கிளியம்மாள் வீட்டு மாடியில் வரிசையாக ஆறு அறைகள், ஐந்தில் அந்தப் பெண்களில் சிலர், ஆறாவதில் இவள்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி ஆய்வுக்குழுவின் முன்னால் தரவுகளை வைத்தாக வேண்டும். ஒரு தடவை தவணை வாங்கியாயிற்று, இன்னொரு தடவை கிடையாது. வைக்காவிட்டால் பதிவு ரத்து. மூன்று வருட உழைப்பும் போய், விட்ட வேலையும் போய், அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவளுடைய அப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு...

[மாப்பிள்ளையை அடித்துவிட்டேன். நம் கதைகளில் ஒரு பெண் படிக்க ஆரம்பித்தால் போதும், எங்கிருந்தோ ஒரு மாப்பிள்ளை வந்து நின்றுவிடுகிறான். பதிவு ரத்து என்பதே போதுமான கஷ்டம்.]

3

வினாத்தாள்கள் அனைத்தும் திரும்பி வந்தன. ஒருத்திகூட ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. நாற்பது கேள்விகளுக்கும் டிக் அடித்து, கடைசியில் ‘வேறு ஏதேனும் கூற விரும்பினால்’ என்ற இடத்திலும் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து எண்களை மட்டும் போட்டாள். அட்டவணை அப்படி வந்தது! பணியில் மனநிறைவு தொண்ணூற்றாறு சதவீதம். பாதுகாப்பு தொண்ணூற்றெட்டு. குடிநீர், கழிவறை வசதி நூற்றுக்கு நூறு.

நெறியாளர் தாண்டவராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இருபது வருஷமா கைடா இருக்கேம்மா. இவ்ளோ க்ளீனா டேட்டா நான் பார்த்ததில்ல. உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சிடுங்க, பதினெட்டாம் தேதி ஜம்முனு பண்ணிடலாம்.”

செல்வலட்சுமிக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு தட்டு பஜ்ஜி வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் தானே முழுவதையும் தின்றாள்.

4

இந்த இடத்தில் நான் பத்து நாள் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவளை என்னால் நம்ப முடியவில்லை.

காரணம், அந்த ‘நூற்றுக்கு நூறு’. அவள் இருந்த கம்பெனியில் லைனுக்கு ஒரு பச்சை அட்டை உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள்தான் கழிவறைக்குப் போகலாம். முப்பது பேருக்கு ஒரு அட்டை. வரிசை வருமோ வராதோ என்று பயந்து பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தங்கமாரி என்று ஒருத்தி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அப்படியே பழகி, நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. 2001-இல் ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அதோடு வரவில்லை. அந்த லைனில் பச்சை அட்டையைத் தன் மேசைமேல் வைத்திருந்த லீடர் வேறு யாருமில்லை, செல்வலட்சுமிதான்.

இவ்வளவும் தெரிந்தவள், ‘நூற்றுக்கு நூறு’ என்று பார்த்துவிட்டுப் பஜ்ஜி தின்பாளா? பாத்திரப் படைப்பில் ஓட்டை என்று முடிவு கட்டிப் பேனாவை மூடினேன்.

பிறகு என் கதை ஞாபகம் வந்தது. (நழுவப் பார்த்தேன், பார்த்தீர்களா?)

என் ஆய்வு, ஊர்ப்புற நூலக வாசகர்களைப் பற்றியது. நூற்று அறுபது படிவம் கொடுத்தேன், நூற்று இருபது திரும்பியது. மீதி நாற்பதை நானே நிரப்பினேன். நாலு கலர் பேனா. சிலவற்றை இடது கையால் எழுதினேன். இடது கை வாசகர்களுக்கு நூலகத்தின்மேல் கொஞ்சம் அதிருப்தி இருக்கட்டும் என்று வைத்தேன், அப்போதுதானே நம்புவார்கள்! வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேடிக்கை அது இல்லை. வாய்மொழித் தேர்வில் ஒருவர் அந்த அதிருப்தியாளர்களைப் பற்றிக் கேள்வி கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதர்களுக்காகக் கால் மணி நேரம் வாதாடினேன். அதற்குள் அவர்கள் எனக்கு உண்மையாகிவிட்டிருந்தார்கள்.

ஆகவே செல்வலட்சுமியை நம்புகிறேன். கண்ணால் கண்டது ஒரு பக்கம், கட்டம் போட்ட அட்டவணை ஒரு பக்கம் என்றால், படித்தவர்கள் நாங்கள் அட்டவணைப் பக்கம்தான் சாய்வோம். பத்து நாள் அவளைச் சந்தேகப்பட்டதற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

5

ஞாயிற்றுக்கிழமை, வார விடுமுறை. மொட்டை மாடியில் எல்லாரும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி தன் யூனிஃபார்ம் கோட்டைக் கும்மியபடியே செல்வலட்சுமியைக் கூப்பிட்டாள். பேச்சி பழைய லைன் பெண். தங்கமாரிக்குச் சித்தி மகள்.

“யக்கா, எங்களுக்கு எத்தன மார்க்கு?”

“என்ன மார்க்கு?”

“அதான், நீங்க குடுத்த பேப்பர்ல. எல்லாரும் சரியாத்தான எழுதிருக்கோம்? புதுசா வந்த பிள்ளைகளுக்குத்தான் ஒண்ணும் தெரியல. நான் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்துட்டேன்லா. ஆடிட்டுக்குச் சொல்லுவோம்லா, அதேதான், பயப்படாம எழுதுங்கடின்னேன்.”

செல்வலட்சுமி கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள்.

“உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“நல்லாருக்கே கத! நீங்கதானக்கா. வெளிநாட்டுக்காரங்க கம்பெனியச் சோதிச்சுப் பாக்க ஆடிட்டுக்கு வாரதுக்கு முந்தி மூணு நாளு, சாப்பாட்டு நேரத்துல வரிசையா நிக்க வச்சு. ‘ஏதேனும் குறை இருப்பின் தயக்கமின்றித் தெரிவிப்போம்.’ அந்தத் தயக்கமின்றி எனக்கு வாயிலயே நுழையல. பத்து தடவ சொல்ல வச்சீங்க, மறந்துட்டீங்களா?”

கொடியில் சேலை உலர்த்திக்கொண்டிருந்த கிளியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாமே, அல்லாரும் பாஸா? பாஸுன்னா ஸ்வீட்டு வாங்கியாங்கடி. ஒரு டேங்க் தண்ணிய காலி பண்ணிக்கினு கீறீங்க, வூட்டுக்காரிக்கு ஒண்ணும் இல்லியா?”

எல்லாரும் சிரித்தார்கள். செல்வலட்சுமியும் சிரித்து வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வினாத்தாள்களின் கடைசிப் பக்கங்களை எடுத்துப் பார்த்தாள். வெவ்வேறு கையெழுத்து, ஆனால் எழுதியிருந்தது ஒரே வாக்கியம். தொண்ணூற்றேழு தாள்களில் இருந்தது. அவளுடைய வாக்கியம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் சொல்லிக்கொடுத்தது, அவள் விட்டுவிட்டு வந்த பிறகும் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போய், இப்போது ஆராய்ச்சி முடிவாகத் திரும்பி வந்திருந்தது. நூற்றுப்பன்னிரண்டு பேரிடம் கேட்டதாக நினைத்திருந்தாள். தன்னிடமே கேட்டிருக்கிறாள்.

6

முடிவு ஒன்று: செல்வலட்சுமி வாயைத் திறக்கவில்லை. பதினெட்டாம் தேதி அட்டவணைகளை வைத்தாள். குழு பாராட்டியது. இரண்டு வருடத்தில் முனைவர் செல்வலட்சுமி.

இதை அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன், ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை. ஏன் நிற்கும்? நான் நடந்த பாதை.

முடிவு இரண்டு: குழுவின் முன்னால் எழுந்து நின்றாள். “ஐயா, இந்தத் தரவு அனைத்தும் பொய்!” மண்டபம் அமைதியானது. மூத்த பேராசிரியர் ஒருவர் மெல்ல எழுந்து கைதட்ட...

(எனக்குத் தெரிந்து எந்தக் குழுவும் கைதட்டியதில்லை. பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் தேதி குறிப்பார்கள்.)

இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் முதலில் போயிருக்கக்கூடிய இடம் நெறியாளரின் அறைதான். போனாள். நடந்ததைச் சொன்னாள். தாண்டவராயன் கெட்டவர் அல்ல. நிஜமாகவே அவளுக்காகக் கவலைப்பட்டார்.

“இது வேற யாருக்கும் தெரியுமா?”

“இல்ல சார்.”

“அப்ப ஏம்மா? ‘ஆய்வின் எல்லைகள்’னு ஒரு பாரா வரும்ல, அதுல இதயும் ஒரு வரியா போட்டுக்கலாம். இன்னும் இருபத்தி ரெண்டு நாள்தான் இருக்கு. புதுசா நூறு பேர எங்க பிடிப்பீங்க?”

அந்த ஒரு வரி அவளை இழுத்தது. உண்மையும் சொன்னதாகிவிடும், பட்டமும் கிடைத்துவிடும். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, அந்த வரியை மனதுக்குள் எழுதியும் பார்த்துவிட்டாள். அழகாகத்தான் வந்தது. அப்படி அழகாக வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“நூறு பேர் வேண்டாம் சார். ஒருத்திகிட்டயாவது நிஜமா கேட்டுட்டு வரேன்.”

“ஒருத்திய வச்சிக்கிட்டு என்னம்மா ப்ரூவ் பண்ணுவீங்க?”

“தெரியல சார்,” என்றாள். இந்த மூன்று வருடத்தில் அவள் அந்த அறையில் ‘தெரியல’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

[கட்டுரை கேட்டவர்களுக்கு: மனப்பாங்கு என்று நீங்கள் கேட்டது இதுவாக இருக்கலாம். குறிப்பு எண் எல்லாம் போட எனக்குத் தெம்பில்லை.]

7

அடுத்த ஞாயிறு. பேச்சி அறை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமி ஒரு நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். வினாத்தாள் கொண்டுவரவில்லை.

“திரும்ப எழுதணுமாக்கா? எதுவும் தப்பாயிட்டா?”

“நீ எழுதாண்டாம். சும்மா சொல்லு, நான் எழுதிக்கிடுதேன். சரியான பதில்னு ஒண்ணும் கிடையாது பேச்சி. அந்தப் பச்ச அட்டையப் பத்திச் சொல்லு.”

பேச்சி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“என்ன வேணும்னாலும் சொல்லலாமா?”

“என்ன வேணும்னாலும்.”

“அப்பம் முதல்ல நான் ஒண்ணு கேக்கேன். அந்த ஆடிட்டு அன்னைக்குத் தங்கமாரிக்குக் காய்ச்சல்ல மேலு கொதிச்சிட்டு இருந்துச்சு. தொட்டுப் பாத்தீங்க, எனக்குத் தெரியும். அவளயும் வரிசையில நிக்க வச்சு, ‘தண்ணி வசதி போதுமானது’ன்னு சொல்ல வச்சீங்களே. என்னத்துக்குக்கா?”

குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

செல்வலட்சுமிக்காக நான் மூன்று பதில் எழுதினேன். ‘மேல இருந்து சொன்னாங்க பேச்சி’. அடித்துவிட்டேன், அது பேச்சிக்கே தெரியும். ‘சொல்லலன்னா என் வேலை போயிருக்கும்’. உண்மைதான், ஆனால் போயிருக்கட்டுமே என்று பேச்சி சொல்லிவிட்டால்? அதையும் அடித்தேன். ‘என்ன மன்னிச்சிரு’. அவள் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லையே, காரணத்தைத்தானே கேட்டாள்?

நாலாவது பதில் என்னிடம் இல்லை. இட்டுக்கட்ட முடியாது என்றில்லை. ஆளே இல்லாத நாற்பது படிவங்களை நிரப்பியவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை, அதனால்தான் தொடப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஆய்வு செய்ய வந்தவர்கள், உங்களுக்கு முன்னால் காலம் இருக்கிறது. எழுதிப் பாருங்கள். அவளுக்குப் பட்டம் கிடைத்ததா என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பதில் வந்தாக வேண்டும். இது வராமல் பச்சை அட்டையைப் பற்றிப் பேச்சி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

பேச்சி கையை நீட்டி, செல்வலட்சுமியின் மடியிலிருந்த நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மெதுவாச் சொல்லுங்கக்கா,” என்றாள். “நான் எழுதிக்கிடுதேன்.”